பக்கத்தில் ஆள் இருக்கையில் பூட்டுவதா?

சனிக்கிழமை சாயங்காலம் வாயை மூடினால் ஜக்கம்மாள் திங்கட்கிழமை காலையில்தான் திறப்பாள். பேச ஆள் இருந்தால் அல்லவா பேசுவதற்கு! ஏலத்தோட்ட வேலைக்கென்று மலையேறிய புருஷன் மேலேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். சிலமலையில் அண்ணன் வீடு இருந்தது. அண்ணிக்குத்தான் இவளைக் கண்டால் ஆகாது. போடியில் ஒற்றை அறை பிடித்து, ஏலக்காயை ஏலம் விடும் கம்பெனி ஒன்றில் டைப் அடித்துப் பிழைத்தாள்.

1988இல் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. பெட்டி ஒன்று, அதற்குத் திரைகள் மூன்று. அவரவர் பெயரில்தான் உள்ளே போக வேண்டும். எதை மாற்றினாலும் அந்தப் பெயர் பதிவாகிவிடும். “எந்திரிச்சா பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிட்டுத்தான் எந்திரிக்கணும்” என்று மேனேஜர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஜக்கம்மாள் தண்ணீர் குடிக்கப் போனால்கூடப் பூட்டினாள்.

பக்கத்துத் திரைக்காரன் வெள்ளைத்துரைக்கு அது பொறுக்கவில்லை. “ஏக்கா, நான் குத்துக்கல்லாட்டம் இங்க உக்காந்திருக்கேன், பூட்டிட்டுப் போறீகளே? என்னையக் களவாணிங்கிறீகளா?”

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் தெருவில், பக்கத்து வீட்டில் ஆள் இருக்கையில் கதவைப் பூட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனால் ஒரு மாதத்துக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. சும்மா சாத்திவிட்டுத்தான் போக வேண்டும், அதுதான் மரியாதை. தவிர, அவளை அக்கா என்று கூப்பிட ஊரில் அவன் ஒருவன்தான் இருந்தான். அன்றோடு பூட்டுவதை விட்டாள். அட பைத்தியக்காரி, வீட்டுக் கதவும் இதுவும் ஒன்றா!

ஏலத்தில் முன்னால் வரும் காய்க்குத்தான் வியாபாரிகள் முண்டியடிப்பார்கள். ஒரு வியாழக்கிழமை அவள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள், குரங்கணித் தோட்டக்காரர் காசிமாயனின் சரக்கு, அவள் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்த ஏல வரிசையில் ஐந்தாவது இடத்திலிருந்து கடைசிக்குப் போயிருந்தது. ஐந்தில் வெள்ளைத்துரையின் மச்சினன் சரக்கு ஏறியிருந்தது. மச்சினன் என்பது ஜக்கம்மாளுக்கு மட்டும் தெரியும். அவன்தான் வீட்டுக் கதையெல்லாம் அவளிடம் சொல்வான். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. பதிவில் நின்றதோ ஜக்கம்மாள் பெயர்.

காசிமாயன் வந்து குதித்துவிட்டுப் போனார்.

“நீ மாத்தலேன்னா வேற யாரும்மா மாத்துனா? பூட்டாமப் போனியா? சொல்லிட்டா உன் வேலை தப்பிச்சிரும்” என்றார் மேனேஜர்.

அவள் வெள்ளைத்துரையைப் பார்த்தாள். அவன் கண்ணிமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னால் வேலை தங்கும், இருக்கிற ஒரு தம்பி போய்விடுவான்.

“நாந்தான் சார், கை தவறி மாத்திட்டேன்” என்றாள்.

மேனேஜர் இளகிய மனசுக்காரர். வீட்டுக்கு அனுப்பாமல், பின்பக்கம் காய் பொறுக்கும் இடத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த பெண்கள் ஆபீஸ்காரியோடு நமக்கென்ன பேச்சு என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. காயைப் பொறுக்கிக்கொண்டே வாசலைப் பார்த்தாள். அவன் வந்து ஒரு வார்த்தை பேசினால் எல்லாம் ஆறிப்போகும் என்று நம்பினாள்.

எட்டாம் நாள், மூட்டை நம்பர் சரிபார்க்க அவன் வந்தான். அவள் வழியில் உட்கார்ந்திருந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “கொஞ்சம் தள்ளி உக்காரும்மா” என்றான்.

அவள் தள்ளி உட்கார்ந்தாள்.