அண்ணியின் உப்பு ஜாடிகள்

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்னால், "ஜாடியில பாஸா?" என்றுதான் கேட்பார்கள்.

கடையின் முன் ஜன்னலில் மூன்று வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் முக்கால் அளவு கடல் தண்ணீர், அடியில் ஒரு கீல் அல்லது கொக்கி அல்லது போல்ட், வெளியே தேதி எழுதிய சீட்டு. சீட்டு எழுதுவது என் வேலை. படகுக்கு வேண்டிய சாமான் எது புதிதாக வந்தாலும், அதில் ஒன்றை எடுத்து அண்ணி உப்புத் தண்ணீரில் போட்டுவிடுவார். நாற்பது நாள் அரிப்பில்லாமல் கிடந்தால்தான் மற்றவை அலமாரிக்கு ஏறும். இல்லாவிட்டால் அனுப்பினவருக்கே திரும்பிப் போகும். பாஸான சாமானின் ஜாடியையும் அண்ணி கலைக்க மாட்டார். அது சாட்சியாக வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

இந்த வீட்டுக்கு வந்தபோது நட்டு எது, போல்ட் எது என்று அண்ணிக்குத் தெரியாது. கடை எங்கள் அப்பாவுடையது. அப்பாவுக்குப் பிறகு என் அண்ணன் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கோ கல்லாவில் உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் முதுகு அரிக்கும். சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலைக்குப் போய்விட்டார். அண்ணி உட்கார்ந்தார். முதல் மாசமே ஒருவர் இரண்டாய் உடைந்த கீலை மேசையில் வைத்து, "துருப்பிடிக்காதுன்னு சொல்லித்தானே கொடுத்தீங்க?" என்று கேட்டார். அண்ணி வேறு கீல் கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "பெட்டியில போட்டிருந்ததைத்தான் நானும் சொன்னேன். பெட்டி என்னைக்குக் கடலுக்குப் போச்சு?"

அன்றைக்கு வந்ததுதான் முதல் ஜாடி. தெருவே சிரித்தது. "ஊற வெச்சு என்னம்மா பண்ணப் போறீங்க, வேக வைக்கவா?" என்று எதிர்க்கடைக்காரர் கேட்டார். "வெந்ததும் முதல் தட்டு உங்களுக்குத்தான், பல்லை மட்டும் பத்திரமா வெச்சுக்கோங்க" என்றார் அண்ணி. இரண்டே வருஷத்தில் அதே மனிதர் தன் படகுக்குக் கொக்கி வாங்க எங்களிடம் வந்தார்.

ஆற்றுமுகத்தில் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆள் ஏற்றும் படகுக்காரர் ஒருவர் உண்டு. 'அவசரம்' என்ற பட்டப்பெயரைச் சொன்னால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும். நாற்பது பேர் ஏறுகிற புதுப்படகு கட்டினார். ஒருநாள் வழவழப்பான படப் புத்தகத்தோடு வந்து நின்றார்.

"கயிறு கட்டுற கொம்பு நாலு வேணும். இதோ, இந்தப் பளபளப்பு. சட்டுனு எடுங்க தங்கச்சி, வண்டி நிக்குது."

"கயிறு கொண்டு வந்தீங்களாண்ணே?"

"கொம்பு வாங்க கயிறு எதுக்கு?"

"காலை வீட்ல வெச்சுட்டா செருப்பு வாங்கப் போவீங்க?"

முணுமுணுத்துக்கொண்டே போய்க் கயிற்றோடு திரும்பினார். அண்ணி அதை ஒவ்வொரு கொம்பிலும் எட்டுப் போட்டுச் சுற்றிப் பார்த்தார். படத்தில் இருந்தது இரண்டாவது சுற்றுக்கே நிறைந்துவிட்டது. "அழகாத்தான் இருக்கு. கயிறுதான் உக்கார மாட்டேங்குது" என்று ஒதுக்கினார். காலில் இடித்தால் கிழிக்காத, முனை உருண்ட வெண்கலக் கொம்பாக நான்கு எடுத்தார். மேல்தளத்தைத் துளைத்து இறங்க நீளமான வெண்கல போல்ட். இழுக்கிற இழுப்பு ஒரே இடத்தில் விழாமல் பரவ, தளத்துக்கு அடியில் கொடுக்க அலுமினியத் தகடு. கனமில்லாதது, துருவும் பிடிக்காது என்று அண்ணியே தேர்ந்தெடுத்தார்.

"மூணும் ஜாடியில பாஸ். கண்ணை மூடிட்டுப் பூட்டுங்க" என்றார்.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும். அதற்கு அடுத்த வாரம் ஜன்னல் துடைக்கும்போது என் முழங்கை பட்டு ஒரு ஜாடி விழுந்து உடைந்தது. அலுமினியத் தகடு கிடந்த ஜாடி. மூன்று வருஷம் ஊறியும் மாசு மறு இல்லாமல் இருந்த தகடு அது. அண்ணி ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார், ஆனாலும் சொல்லப் பயமாக இருந்தது. சில்லுகளைப் பெருக்கிவிட்டு, தகட்டைப் பக்கத்து ஜாடியில், வெண்கலக் கொம்பின் மேலேயே போட்டுவிட்டேன். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தினமும் காலையில் கடவுள் முன்னால் கண்ணை மூடினால் அந்த ஜாடிதான் வந்து நின்றது.

முப்பத்திரண்டாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, ஜன்னலைத் திறந்தேன். அந்த ஜாடியின் தண்ணீர் மட்டும் அரிசி கழுவின தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. தகட்டின் மேல் வெள்ளையாக மாவு பூத்திருந்தது. கொம்பு தொட்ட இடத்தில் தகடு கரைந்து குழி விழுந்திருந்தது. அதே தகடும் அதே வெண்கலத்தில் செய்த போல்ட்டும் அவசரத்தின் படகில் ஒன்றை ஒன்று இறுக்கிக்கொண்டு நான்கு இடத்தில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை படகு தண்ணீரில் இறங்குகிறது.

ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய் அண்ணி முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். உடைத்தது, மறைத்தது, எல்லாம்.

அண்ணி தகட்டை எடுத்துக் கட்டை விரலால் தேய்த்தார். மாவு விரலோடு வந்தது.

"ஜாடி கிடக்கட்டும் விடு. ரெண்டும் தனித்தனியா தங்கமாத்தான் இருந்துச்சு. ஒண்ணா விட்டுப் பார்க்கணும்னு எனக்கு இத்தனை வருஷமா தோணலையே. பையன் நல்லவனா, பொண்ணு நல்லவளான்னு ஊரெல்லாம் விசாரிக்கிறோம். ரெண்டும் ஒத்துப்போகுமான்னு எவன் கேக்கிறான்?"

"உடனே ஒண்ணும் ஆகாதுல்ல அண்ணி?"

"ஆகாது. அதான் பயமே. ஏறுறவங்க ஒரு காலைப் படியிலயும் ஒரு காலைப் படகுலயும் வெச்சிருக்கிற நேரமா பார்த்துத்தான் கொம்பு பிடுங்கிக்கும்." எழுந்துவிட்டார். "கடையைச் சாத்து. ஜாடியை எடுத்துக்கோ."

படகு கட்டுகிற கொட்டகையில் அவசரம் பேர்ப்பலகைக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். தச்சர் தளத்துக்கு அடியில் தகடுகள் தெரியாதபடி பலகை அடித்து முடித்திருந்தார். அண்ணி ஜாடியை அவர்கள் நடுவில் வைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

அவசரத்துக்கு முகம் சிவந்தது. "வெள்ளிக்கிழமைக்கு ஊரையே கூப்பிட்டாச்சு. நீங்கதானே பாஸுன்னீங்க? கண்ணை மூடிட்டுப் பூட்டச் சொன்னீங்களே?"

"நான்தான் சொன்னேன். தப்பும் என்னோடதுதான். இப்போ கண்ணைத் திறந்து கழட்டச் சொல்றேன்."

"ரெண்டு மாசம் ஓட்டிட்டு மாத்திக்கிறேனே?"

"ஓட்டுங்கண்ணே. நான் தினம் முதல் நடையில ஏறி, அந்தக் கொம்பு பக்கத்துலயே உக்காந்துக்கிறேன். நான் எதுக்குக் காவல் உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சா யாரும் ஏற மாட்டாங்க, உங்களுக்குச் சம்மதமா?"

அவர் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வர்ணத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "சரி, கழட்டுங்க" என்றார்.

தச்சர்தான் தலையைச் சொறிந்தார். "பலகைக்கு வெச்ச பசைகூட இன்னும் காயலையேம்மா."

"காயாதது நமக்கு வசதியாப் போச்சு. படகோட அடிக்கட்டைக்கு அறுத்த மரத்துல மிச்சம் இருக்கா?"

இருந்தது. வைரம் பாய்ந்த மரம். அதில் தடித்த நான்கு கட்டைகளை அறுத்து, அலுமினியம் இருந்த இடத்தில் கொடுத்தார்கள். மேலே வெண்கலக் கொம்பு, நடுவில் வெண்கல போல்ட், கட்டைக்குக் கீழே அகலமான வெண்கல வாஷர். புதன், வியாழன் இரண்டு நாளும் அண்ணி கொட்டகையிலேயே இருந்தார். ஒவ்வொரு நட்டையும் தச்சர் முறுக்கியதும், தன் கையால் இன்னொரு தரம் முறுக்கிப் பார்த்தார். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று தச்சர் கேட்டதற்கு, "என் மேலதான் இந்த வாரம் கொஞ்சம் குறைச்சல்" என்றார்.

வெள்ளிக்கிழமை படகு இறங்கியது. துறைப்படியில் நல்ல கூட்டம். முதல் ஆள் காலை எடுத்து வைக்கப் போனபோது அண்ணி கையை நீட்டித் தடுத்தார். படகைக் கயிற்றால் துறைத்தூணில் கட்டி, எஞ்சினை முழு வேகத்தில் வைக்கச் சொன்னார். தானே டார்ச் விளக்கோடு தளத்துக்கு அடியில் தவழ்ந்து போய் மல்லாந்து படுத்தார். கயிறு விண்ணென்று விறைத்தது. தண்ணீர் நுரைத்துப் பின்னால் ஓடியது. படகு இம்மி நகரவில்லை. ஒவ்வொரு கொம்பாகக் கயிற்றை மாற்றி மாற்றி நான்கையும் இழுத்துப் பார்க்க அரை மணி நேரம் ஆனது. நான் மனசுக்குள் கும்பிட்டபடியே நின்றேன். அவசரம் ஒருதரம்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பொறுமையிழந்து பேசிய ஒருவரிடம், "இருய்யா, உள்ள ஆள் பார்த்துட்டு இருக்காங்கல்ல" என்று அவரே சொன்னதை என் காதால் கேட்டேன்.

அண்ணி தலையெல்லாம் மரத்தூளோடு வெளியே வந்தார். "நூல் அளவுகூட அசையல. ஏறச் சொல்லுங்கண்ணே" என்றார். ஒரு கைக்குழந்தைக்காரி முதலில் ஏறினாள்.

கடைக்குத் திரும்பியதும் அண்ணி மாவு பூத்த அந்த ஜாடியை முன்வரிசையின் நடுவில் வைத்தார். "சீட்டு எழுது. 'தனியாகப் பாஸ், சேர்ந்து ஃபெயில். தேர்ந்தெடுத்தது கடைக்காரி.'"

"இதைப் பார்த்தா யாரு அண்ணி உள்ள வருவாங்க?"

"வர்றவங்க வரட்டும். நீ எழுத்தைப் பெருசா போடு, அவசரத்துக்குக் கண்ணு சரியா தெரியாது."

அன்று முதல் எங்கள் ஜன்னலில் நான்காவதாக ஒரு வரிசை உண்டு. கொம்பு, போல்ட், தகடு, வாஷர் எல்லாம் படகில் எப்படிச் சேர்ந்திருக்குமோ அப்படியே முறுக்கித் தண்ணீரில் கிடக்கும். வருகிறவர்கள் கேட்கிற கேள்வியும் மாறிவிட்டது.

"குடும்பத்தோட பாஸா?" என்கிறார்கள்.