கையில் இல்லாததை எப்படி விடுவது

எனக்கு வயது எண்பத்து நான்கு. ஏழு பேரை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றவை. இரண்டு, என் நாத்தனார் மவுத்தாகி மண்ணுக்குப் போனபோது ஒன்று இடுப்பிலும் ஒன்று கையைப் பிடித்தும் எங்கள் வீட்டுக்கு வந்தவை. எது யாருடையது என்று வெளியார் கேட்டால் நான் சொன்னதில்லை. தங்களுக்குள் சண்டை வந்தால் அவர்களே சொல்லிக்கொள்வார்கள். எனக்குக் குர்ஆன் ஓத வரும். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். எழுத உட்கார்ந்தால் மட்டும் காகிதம் கோழி கிளறிய இடம் மாதிரி ஆகிவிடும். அதனால் நான் சொல்கிறேன், மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள்.

இந்த வயதில் எல்லோரும் எனக்கு ஒரே புத்திதான் சொல்கிறார்கள். துன்யாவை விடுங்கள், கல்பைச் சுத்தம் பண்ணுங்கள், தஸ்பீஹை எடுங்கள். துன்யா என்றால் இந்த உலகமும் அதன்மேல் உள்ள ஆசையும். கல்பு என்றால் நெஞ்சு. தஸ்பீஹ் என்றால் அல்லாஹ் பேரைச் சொல்லி உருட்டுகிற மணிமாலை. சொல்கிறவர்கள் எல்லாம் என் வயலைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. பாபநாசத்துக்குத் தெற்கே வாய்க்கால் ஓரமாக எனக்குப் பத்து மா நன்செய் இருக்கிறது. ஏக்கர் கணக்கில் மூன்றுக்குக் கொஞ்சம் மேலே. அதை மகன்கள் பேருக்கு எழுதிவிட்டு மூலையில் உட்கார்ந்தால் நான் சுத்தமாகிவிடுவேனாம். அந்த நிலம் என் கைக்கு எப்படி வந்தது, வந்த பிறகு என் நெஞ்சு என்ன பாடுபட்டது என்று சொன்னால்தான் நான் ஏன் மாட்டேன் என்கிறேன் என்பது விளங்கும்.

அத்தா மவுத்தானபோது எனக்கு முப்பது வயது இருக்கும். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார்கள். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான், அண்ணனும் நானும். அத்தாவுக்கு நிலம் ஒன்றரை வேலி, அதாவது முப்பது மா. மார்க்கத்தின்படி ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. ஆகவே அண்ணனுக்கு இருபது மா, எனக்குப் பத்து மா. இதில் பெரிய கணக்கு ஒன்றும் இல்லை, சின்னப் பிள்ளை போட்டுவிடும்.

மய்யித்தைக் குளிப்பாட்டி, கபன் துணி போர்த்தி, கடைசியாக முகத்தைக் காட்டினார்கள். அண்ணன் வாசற்படியில் நின்றபடி சொன்னார்.

"தங்கச்சி, அத்தாவுக்கு எல்லாத்தையும் பொருந்திக்கிட்டேன்னு வாயால சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

எங்கள் ஜனங்களிடம் இது பெரிய சொல். பொருந்திக்கொண்டேன் என்றால், உங்கள்மேல் எனக்கு இருந்த மனக்குறை, பாத்தியதை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன், நாளை மறுமையில் நின்று கேட்கமாட்டேன் என்று பொருள். மய்யித்தின் முன்னால் கேட்பார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர் தெருவில் வீடு வீடாக ஏறிக் கேட்பார். அத்தா முகத்தைப் பார்த்து அழுதுகொண்டு நிற்கிற பெண் வேறு என்ன சொல்வாள்? "பொருந்திக்கிட்டேன்" என்றேன். மய்யித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள்.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து சனமெல்லாம் போன பிறகு, என் பாகத்தை எப்போது அளந்து விடுகிறீர்கள் என்று அண்ணனைக் கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"அதான் அன்னைக்கே பொருந்திட்டியே. ஊரே கேட்டுச்சு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்புத்தான் வந்தது. "நான் பொருந்தினது அத்தாவை. நிலம் இன்னும் மவுத்தாகலைண்ணே" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் பாபநாசம் கடைத்தெருவில் தையல் மெஷின் போட்டிருந்தார். அமைதியான மனிதர். "எனக்கு உங்க அண்ணன் நிலமும் வேணாம், உங்க அண்ணன் சண்டையும் வேணாம்" என்றார்.

"நிலமும் எனக்கு, சண்டையும் எனக்கு. நீங்க தைங்க" என்றேன்.

அதோடு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தெருவில்தான் எடுத்தார்கள். கூடப் பிறந்தவனோடு மண்ணுக்கு நிற்கிறாள், இவள் தொழுது என்ன, ஓதி என்ன என்றார்கள். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் துன்யா ஆசையைப் பற்றிப் பயான் நடந்தால், அன்று சாயங்காலம் யாராவது ஒரு பெண் பிள்ளை வயிற்றுவலிக்கு என்னிடம் சோம்புத் தண்ணீர் வாங்க வருகிற சாக்கில் வந்து அதை எனக்கு ஒப்பித்துவிட்டுப் போவாள். நான் சோம்புத் தண்ணீரைக் கொடுத்து அனுப்புவேன்.

அந்தச் சமயத்தில்தான் திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்து, ஒருவர் இவ்வளவுதான் நிலம் வைத்துக்கொள்ளலாம் என்று உச்சவரம்பைக் குறைத்தார்கள். இன்னொரு பக்கம் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு வரப்புக்கு வரப்பு செங்கொடி நட்டிருந்தார்கள். நிலம் வைத்திருந்தவர்கள் கணக்கை ஒளிக்க வழி தேடிய காலம். அண்ணன் தனியாகவும் நிலம் வாங்கியிருந்தார், வரம்புக்கு மேலே போயிருந்தது. ஒரு நாள் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். போனால், கூடத்தில் தாசில்தார் ஆபீஸ் மனிதர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள்.

"இது என் தங்கச்சிங்க. வாய்க்காலோரம் பத்து மா இதோட பாகங்க. ஷரீஅத்துப்படி பிரிச்சதுங்க" என்றார் அண்ணன், வாய் நிறைய.

எனக்குக் கையெழுத்துப் போட மட்டும் நன்றாக வரும். போட்டேன். அண்ணனுக்கு அல்லாஹ் மனதைத் திருப்பிவிட்டான் என்று நினைத்து, வீட்டுக்கு வந்து இரண்டு ரக்அத் தொழுதேன். மறுநாள் வயலில் இறங்கிப் பார்க்கலாம் என்று போனால் வரப்பிலேயே அண்ணன் மறித்துவிட்டார்.

"எங்க வந்தே?"

"என் பாகத்தைப் பார்க்க."

"அது சர்க்காருக்குச் சொன்னதுடி. உனக்குச் சொன்னது இல்ல."

சர்க்காருக்கு முன்னால் நான் பங்காளி. வீட்டில் நான் துன்யா ஆசை பிடித்தவள். வக்கீல் குமாஸ்தா ஒருவர், பட்டா உங்கள் பேரில் இருக்கிறது, கும்பகோணம் கோர்ட்டுக்கு வாருங்கள் என்றார். நான் போகவில்லை. பயந்து இல்லை. அண்ணன் வாயால் மறுத்ததை அண்ணன் வாயால்தான் வாங்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். இன்றைக்கும் அது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஐப்பசியில் அண்ணன் ஹஜ்ஜுக்குக் கிளம்பினார். அப்போது ரயிலில் பம்பாய் போய் அங்கிருந்து கப்பல். போனவர் திரும்பி வர மாதக் கணக்காகும். வராமலும் போகலாம். மழை விட்ட ஒரு காலையில் அவர் வெள்ளை உடுத்தி, பின்னால் பத்துப் பன்னிரண்டு ஆண்களும் பள்ளிவாசல் ஹஜரத்துமாக, தெருவில் வீடு வீடாக ஏறி வந்தார். "பொருந்திக்குங்க", "பொருந்திட்டோம், எங்களுக்கும் துஆ செய்யுங்க" என்கிற சத்தம் ஒவ்வொரு வாசலாக நெருங்கியது. நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"தங்கச்சி, ஹஜ்ஜுக்குக் கிளம்பிட்டேன். தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் செஞ்சிருந்தா பொருந்திக்கோ."

"தெரியாம செஞ்சதையெல்லாம் பொருந்திட்டேண்ணே. தெரிஞ்சு செஞ்சது அப்படியே இருக்கு."

எதிர்வீட்டுப் பெரியம்மா, "அடிப் பாவி, ஹஜ்ஜுக்குப் போற மனுசனை வாசல்ல நிறுத்தி இப்படியா பேசுவே?" என்றார்கள்.

ஹஜரத் ஓரடி முன்னால் வந்தார். நல்ல மனிதர். என் பிள்ளைகளுக்கெல்லாம் ஓதக் கற்றுக் கொடுத்தவர். "மண்ணுக்காக மறுமையை விட்டுடாதீங்கம்மா. விட்டுக்கொடுங்க. கல்பு சுத்தமாயிடும்" என்றார்.

"விடுறேன் ஹஜரத். முதல்ல கையில கொடுக்கச் சொல்லுங்க. கையில இல்லாததை எப்படி விடுறது? சட்டி நிறையச் சோறு இருக்கு, அல்லாஹ்வுக்காக வாயைக் கட்டினா அது நோன்பு. சட்டியையே இன்னொருத்தர் தூக்கிட்டுப் போயிட்டா அது பட்டினி. என்னைப் பட்டினி போட்டுட்டு, நோன்பு வச்சேன்னு சொல்லச் சொல்றீங்களா?"

ஹஜரத் அண்ணன் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில்தான் சொன்னார், ஆனாலும் எனக்குக் கேட்டது. "பொம்பளப் பிள்ளைக்குப் பாகம் கொடுக்கிறது கடமைங்க. மய்யித்து முன்னாடி அழுதுகிட்டே சொன்ன சொல்லை வச்சு நாம வாதாடக் கூடாது."

அண்ணன் அடுத்த வாசலுக்குப் போய்விட்டார். அன்று முழுக்க எங்கள் வீட்டுப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சோம்புத் தண்ணீர்கூட யாருக்கும் தேவைப்படவில்லை.

மறுநாள் காலையில் ஆள் வந்து வயலுக்குக் கூப்பிட்டான். நான் போகும்போது அண்ணன் வரப்பில் நின்று, என் பாகத்தை அளந்து எல்லைக்கு முளைக்குச்சி அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சம்பாப் பயிர் முழங்கால் உயரம் நின்றது. என்னைப் பார்த்ததும் கத்தினார்.

"எடுத்துக்க! பயிரோட எடுத்துக்க! கபுருக் குழிக்குள்ள கொண்டுபோய் வச்சுக்க!"

"கபுருல நடவு நட முடியாதுண்ணே. இங்கதான் நடணும்."

முளையடித்தவன் சிரித்துவிட்டான். அண்ணனுக்கும் உதடு ஓரம் துடித்தது, அடக்கிக்கொண்டார். "சரி, வாங்கிட்டே இல்ல? இப்பச் சொல்லு" என்றார்.

வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. தொண்டைக்குக் கீழே ஏதோ உருண்டையாக நின்றது. சும்மா சொல்லி அனுப்பியிருக்கலாம், யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் ஒரு தடவை அந்தச் சொல்லை வைத்து என்னை ஏமாற்றினார்கள். அதே சொல்லை வைத்து நானும் ஒருவரை ஏமாற்றமாட்டேன்.

"வரலைண்ணே."

"நிலத்தை வாங்கிட்டியேடி!"

"நிலத்தை வாங்கினது கை. பொருந்த வேண்டியது கல்பு. அது இன்னும் இறங்கலை. பொய்யைச் சொல்லி உங்களைக் கப்பல் ஏத்தமாட்டேன். போயிட்டு வாங்க, துஆ செய்யுறேன். நீங்களும் அங்க நின்னு எனக்காகக் கேளுங்க."

அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கிப் போய்விட்டார்.

நிலம் வந்தால் நெஞ்சு தானாகத் தணியும் என்று நினைத்திருந்தேன். தணியவில்லை. தொழ நின்றால் அண்ணன் முகம் முசல்லாப் பாயின் ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சுஜூதில் நெற்றியை வைத்தால் 'உனக்குச் சொன்னது இல்ல' என்ற குரல் கேட்கும். யா அல்லாஹ், இந்த அழுக்கை எடுத்துவிடு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வயலுக்குப் போவதையும் நிறுத்தவில்லை. மடை திறந்தேன், களை எடுப்பதற்கு ஆள் கூட்டினேன். கேட்கிறதும் நடந்தது, வேலையும் நடந்தது.

தையில் அறுப்பு வந்தது. களத்தில் கதிரடித்துத் தூற்றிக் குவித்தாயிற்று. கூலி நெல் அளக்கிற நேரம். அந்த வருஷங்களில் கூலிக்காரர்களுக்கும் நிலக்காரர்களுக்கும் தகராறே அந்த மரக்காலில்தான். நிலக்காரர்கள் வாயோடு வாயாகத் தட்டி அளப்பார்கள். அறுத்தவர்கள் குவித்து அளக்கச் சொல்வார்கள். நான் நெல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அளக்கிறவன் மரக்காலை அள்ளினான், மேலே கோபுரமாக நின்றது. என்னை அறியாமல் என் வாய் சொன்னது:

"தலையைத் தட்டி அள."

முந்தானையை விரித்துப் பிடித்திருந்த நடவுக்காரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் வயதுதான் இருக்கும். வாய்த்துடுக்கு உள்ளவள்.

"பெரிய பாய் மக்காவுக்குப் போயிட்டாருன்னு நெனச்சோம். குரலை மட்டும் இங்கயே விட்டுட்டுப் போயிருக்காரே, பாயம்மா!"

களமே சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை, வைக்கோல் மேல் உட்கார்ந்து சிரித்தேன். அச்சாக அண்ணன் குரல்தான் அது! நிலம் என் கைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அண்ணனுடைய கண்ணும் குரலும் எனக்கு வந்துவிட்டன. அத்தனை வருஷம் அந்த மண்ணில் நின்றவருக்கு என்னதான் வந்திருக்காது? துன்யா என்பது அவர் வைத்திருந்த நிலமும் இல்லை, நான் வாங்கியதும் இல்லை. மரக்காலின் தலையில் நிற்கிற அந்த ஒரு கை நெல்லின்மேல் கண் போகிறதே, அதுதான். கையில் நிலம் வந்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. வராமல் இருந்திருந்தால் நான் சுத்தமானவள் என்று நினைத்துக்கொண்டே செத்திருப்பேன்.

"குவிச்சே அள. எல்லாருக்கும்" என்றேன். தொண்டைக்குக் கீழே இருந்த உருண்டையைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை. "பொருந்திக்கிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"என்ன பாயம்மா?" என்றாள் அவள்.

"உனக்கு இல்ல. முந்தானையை நல்லாப் பிடி."

ஹஜ் முடித்துத் திரும்பிய அண்ணன் பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொண்டுவந்தார். என் வாசலில் ஏறும்போதே, "இப்பவாச்சும் சொல்லுவியா?" என்றார்.

"எப்பவோ சொல்லிட்டேண்ணே. நீங்க மக்காவுல இருந்தீங்க."

"அடிப் பாவி, அது தெரியாம நான் கஃபாவைப் பிடிச்சு உனக்காக அழுதுகிட்டு நின்னேனே!"

"அழுததாலதான் வந்துச்சோ என்னவோ" என்றேன். அதற்குப் பிறகு அவர் மவுத்தாகும்வரை எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை. நிலத்தை நான் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அவர் கேட்கவும் இல்லை.

இப்போது என் மகன்கள் அதே பாட்டைப் பாடுகிறார்கள். பெரியவன் துபாயிலிருந்து போனில் பாடுகிறான், சின்னவன் அடுத்த அறையிலிருந்து பாடுகிறான். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் நிலம் யாரையும் விடாது, என்னையே விடவில்லை. என் கல்பை நான் பார்த்துக்கொள்கிறேன். இன்றைக்கும் என் களத்தில் குவித்துத்தான் அளக்கிறேன், மிஷின் அறுப்பு வந்தும் கூலியை நெல்லாகவே கேட்கிறவர்களுக்கு. ஒவ்வொரு அறுப்பிலும் கண் அந்த ஒரு கை நெல்லுக்குப் போகத்தான் போகிறது. அதை இழுத்துப் பிடிப்பதுதான் என் தஸ்பீஹ். நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு நான் எதை இழுத்துப் பிடிப்பேன்?

ஆகையால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் மவுத்தானதும் என் மய்யித்தின் முன்னால் என் பெண்மக்களை யாரும் வாய் திறக்கச் சொல்லக் கூடாது. அவர்கள் பாகத்துக்கு முதலில் முளையடிக்க வேண்டும். அவர்கள் தங்கள் வரப்பில் நின்று, தங்கள் மண்ணை மிதித்து, அதற்குப் பிறகு விட மனது வந்தால் விடட்டும். வராவிட்டால் வைத்துக்கொண்டு என்னை மாதிரிப் போராடட்டும். என்மேல் என்ன குறையைப் பொருந்த வேண்டுமோ அதை இப்போதே, நான் உயிரோடு இருக்கும்போதே வந்து என்னிடம் சொல்லட்டும், நானும் அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதிட்டியா புள்ள? எங்கே, முதல்லேருந்து படி, கேப்போம். மெல்லமா வேணாம். அடுத்த ரூமுல உங்க மாமா இருக்கான், அவனுக்கும் கேக்கட்டும், சத்தமாவே படி.