மந்திரவாதியின் ரத்தமும் மூன்றாம் கவுன்டர் அக்காவும்

திறமை ரத்தத்தில்தான் வரும், படித்தெல்லாம் வராது என்று உங்கள் மகளிடம் யாராவது சொன்னால், நீங்கள் பாப்கார்ன் கொறித்துக்கொண்டு சும்மா இருப்பீர்களா?

பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள தியேட்டரில் ஒரு பெண்மணி சும்மா இருக்கவில்லை. பத்தொன்பது வருடமாக மூன்றாம் கவுன்டரில் டிக்கெட் கொடுத்தவர். தலை நரைத்தவர்களுக்கும் அவர் கவுன்டர் அக்காதான். புதுப்படம் வந்தால் முதல் காட்சிக்கு உள்ளே போய், திரைக்கு முதுகைக் காட்டி நின்று, முன்வரிசைப் பிள்ளைகளின் கால்களைப் பார்ப்பார். கால்கள் அசையாமல் இருந்தால் படம் தேறும். ஆடத் தொடங்கினால் ஊத்திக்கொண்டது என்று அர்த்தம். படம் எப்படி என்று கேட்டால் உள்ளதைச் சொல்வார். வாய்தான் கொஞ்சம் நீளம்; முடிவையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். "உன்கிட்ட டிக்கெட் வாங்கினவன் உள்ள போக வேண்டிய அவசியமே இல்ல" என்பார் தையற்கடை வைத்திருக்கும் அவர் கணவர்.

சென்ற வாரம் மந்திரவாதிப் படத்தின் நான்காம் பாகம் வந்தது. பழைய மூன்று பாகங்களில் அந்த மந்திரவாதிக் கிழவர் ஒரு காலத்தில் குதிரை லாயம் கூட்டியவர். கரித்துண்டால் சுவரில் எழுதி எழுதி, நூறு முறை தோற்று, மந்திரம் கற்றவர். பிள்ளைகள் அவரைக் கொண்டாடியதே அதற்காகத்தான். இப்போது வந்திருப்பது அவருடைய இளமைக் கதை. இதில் அவர் தொலைந்துபோன ராஜ வாரிசாம். கையை நீட்டினால் மின்னல் பாய்கிறது. வெளியே புது மெருகு, உள்ளே அதே பழைய குலப்பெருமை! இருபதாவது நிமிடத்தில் முன்வரிசை முழுக்கக் கால்கள் ஆடின. அக்கா முழுப் படத்தையும் பார்த்துவிட்டு முகம் கடுத்து வெளியே வந்தார்.

மறுநாள் பகல் காட்சிக்கு அம்மாவோடு வந்த எட்டு வயதுச் சிறுமி எக்கி நின்று கேட்டாள்: "அக்கா, மந்திரவாதி தாத்தா எப்படி மந்திரம் கத்துக்கிட்டாருன்னு இதுல வருதா?"

"கத்துக்கவே இல்லையாம் கண்ணு. பொறக்கும்போதே ரத்தத்துல இருந்துச்சாம்."

சிறுமி யோசித்தாள். "அப்போ நான் படிச்சா எனக்கு வராதா?"

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. "யார் சொன்னா வராதுன்னு? கதை எழுதினவனுக்குச் சோம்பேறித்தனம், ரத்தம் கித்தம்னு அளந்து விட்டிருக்கான். நீ படி, எல்லாம் வரும். இந்தப் படத்துக்குப் போனா தூக்கம்தான் வரும்!"

சற்றுமுன் அறிவிப்புச் செய்தபோது வாசல் ஒலிபெருக்கிக்காகப் போட்ட மைக்கை அணைக்க மறந்திருந்தார். வாசல் முழுக்கக் கேட்டது. வரிசை சிரித்தது. சிரித்த கையோடு பாதி கலைந்தது.

மேலாளர் ஓடிவந்தார். "ஏம்மா, டிக்கெட் விக்க உக்கார வெச்சா தியேட்டரையே மூடிடுவ போலிருக்கே!"

"மைக்கை மறந்தது என் தப்பு சார், ஒத்துக்கறேன். சொன்னது தப்பில்ல. பொய் சொல்லத்தான் வாசல்ல அத்தாம்பெரிய பேனர் நிக்குதே, அதுக்கு நான் வேறயா?"

அன்று மாலையே அவரை மாடி அறைக்கு அனுப்பி, முப்பரிமாணக் கண்ணாடிகளைத் துடைக்க வைத்துவிட்டார்கள். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் கவுன்டர்; இல்லையென்றால் முதல் தேதியோடு வேலை போகும். மைக்கை மறந்ததற்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். போதாதாம். படத்தைப் பற்றிச் சொன்னது பொய் என்றும் எழுத வேண்டுமாம்.

"அப்படி எழுதினா, படிச்சா வராதுன்னு அந்தப் புள்ளகிட்ட நானே சொன்ன மாதிரி ஆயிடாதா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த கண்ணாடியை எடுக்கிறார் அக்கா.

அவர் "நல்லாயிருக்கு, போங்க" என்றால் நம்பி உள்ளே போனவர்கள் நாம். முதல் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. அதற்குள் ஒருமுறை அந்தத் தியேட்டருக்குப் போங்கள். மேலாளர் அறைக் கதவைத் தட்டி, அக்காவை எப்போது கீழே கூப்பிடப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.