சாந்தில்லாச் சுவரைப் பிரித்த நாள்: பூதலூரிலிருந்து ஒரத்தநாடு வரை

சிமெண்ட் காம்பவுண்டு சுவர் என்றாலே எனக்கு ஆகாது. திருச்சியில் எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு அப்படி ஒன்றை இரண்டு தடவை கட்டினோம். மழைத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் இரண்டு தடவையும் சாய்ந்தது. அதற்குப் பிறகுதான் சாந்தே பூசாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டும் சுவர்களைத் தேடி ஊர் ஊராகப் போக ஆரம்பித்தேன். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும்.

போன பங்குனியில் மலர்விழி போன் செய்தாள். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி, இப்போது கால்நடை மருத்துவர். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே தன் சொந்த ஊரில் பழைய மிராசு வீட்டுத் தென்னந்தோப்பை வாங்கி, நடுவில் சின்னதாக ஒரு வீடும் கட்டியிருந்தாள். தோப்பைச் சுற்றி இடுப்புயரத்துக்குக் கல் சுவர். "சாந்தே கெடையாதுடி. புயல்ல தென்னமரம் விழுந்து ஒரு பக்கம் சரிஞ்சு கெடக்கு. பிரிச்சுக் கட்டப் போறோம், வந்து பாரு" என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த ஊர்ப்பக்கம் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் வண்டல்தான் வரும், கூழாங்கல் கூட வராது. அங்கே எப்படிக் கல் சுவர்?

அவள் இன்னொன்றும் சொன்னாள். அவளுடைய அப்பா சின்னையன் அந்த மிராசு பண்ணையில் வேலை பார்த்தவர். அவரைக் குடிவைக்கத்தான் தோப்பையே வாங்கினாள். ஆனால் மனிதர் அந்தச் சுவருக்குள் காலடி வைக்க மறுக்கிறார், காரணமும் சொல்வதில்லை. புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்தாயிற்று. "அப்பா வரலன்னா அந்த வீடு எனக்கு எதுக்குடி?" என்றாள். வயதானவர் வீம்பு, நேரில் பேசினால் சரியாகிவிடும் என்று நானும் பெரிய மனுஷி மாதிரி ஆறுதல் சொல்லி வைத்தேன்.

திருச்சியிலிருந்து காலை பாசஞ்சர் ரயிலில் பூதலூருக்கு முக்கால் மணி நேரம், டிக்கெட் பத்து ரூபாய். ஸ்டேஷன் வாசலில் மலர்விழி ஏற்பாடு செய்திருந்த கொத்தனார் அந்தோணி குட்டியானை வண்டியோடு காத்திருந்தார். செங்கிப்பட்டிக்காரர். வண்டியில் பாதிக்குச் செம்புறாங்கல் ஏற்றியிருந்தார். தஞ்சாவூர் ஜில்லாவில் கல் வேண்டுமென்றால் இந்த மேட்டுப் பக்கம்தான் வர வேண்டும். செம்மண்ணைக் கீறினால் பொரிபொரியாகச் சிவப்புக் கல் வரும், வெட்டி வெயிலில் போட்டால் இறுகிவிடும்.

வல்லம் வழியாகத் தஞ்சாவூர் புறவழிச்சாலையைப் பிடித்து ஒரத்தநாடு வரை சுமார் 45 கிலோமீட்டர். வல்லத்தில் டீ குடித்ததையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆனது. தஞ்சாவூர் தாண்டியதும் சிவப்பு மண் போய்க் கறுப்பு மண் வந்துவிடும். சம்பா அறுத்த வயல்களில் உளுந்து காய்த்துக் கிடந்தது. ஓட்டிக்கொண்டே அந்தோணி பாடம் எடுத்தார். "ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வரிசை அடுக்கணும்க்கா. நடுவுல சல்லி. அது மட்டும் பத்தாது, வயிறு தள்ளிரும். அங்கங்க நீளமா ஒரு கருங்கல்லக் குறுக்கால போட்டாத்தான் ரெண்டு பக்கமும் ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கிட்டு நிக்கும். செம்புறாங்கல்லு அவ்ளோ நீளம் வராது. இந்தச் சுவத்துக்குக் கருங்கல்லு எங்க புடிச்சாங்கன்னுதான் எனக்கு வெளங்கல."

சுவரைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். இரண்டடி அகலம், பச்சைப் பாசி, இடுக்கில் பெரணி. அதற்கு நடுவே இரண்டு மூன்று முழத்துக்கு ஒன்றாகக் கருங்கல்லின் முனை மட்டும் எட்டிப் பார்த்தது. மரம் விழுந்த மூலையிலிருந்து பிரிக்க ஆரம்பித்தார்கள். மேல் வரிசை எடுத்தாயிற்று. முதல் குறுக்குக்கல்லை அந்தோணியும் அவருடைய ஆளும் கடப்பாரையால் நெம்பிப் புரட்டிப் போட்டார்கள்.

அது அம்மி. நடுவில் அரைத்து அரைத்துப் பள்ளம் விழுந்த, ஒரு குடும்பம் காலங்காலமாகக் குழம்புக்கு மசாலா அரைத்த அம்மி.

எல்லோரும் சிரித்தோம். நான் போட்டோ எடுத்தேன். வீணாகப்போன பொருளைச் சுவருக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அந்தக் காலத்துச் சாமர்த்தியம் என்று பதிவுக்கு ஒரு வரிகூட மனதில் எழுதிவிட்டேன். இரண்டாவது குறுக்குக்கல்லும் அம்மி. மூன்றாவதும் அம்மி. நடுவில் சல்லி என்று நினைத்துக் கிளறிய இடத்தில் குழவிகள் உருண்டன. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. வீணாகப்போன பொருள் எதுவும் அதில் இல்லை, ஒவ்வொன்றும் இன்றைக்கே அரைக்கலாம் போல இருந்தது. நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

"ஒண்ணு கவனிச்சீங்களா?" என்றார் அந்தோணி. "எல்லாத்தையும் கவுத்துப் போட்டிருக்கான். முதுகு கரடுமுரடா இருக்கும், அது மேல அடுத்த வரிசை உக்காராது. வேல தெரிஞ்சவன் இப்புடிப் போட மாட்டான். வேணும்னேதான் போட்டிருக்கான்."

மலர்விழி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க தெருவுல ஒரு வீட்டுலயும் பழைய அம்மி கெடையாதுடி" என்றாள் மெதுவாக. "நான் பொறக்கறதுக்கு முந்தி எங்க ஆளுங்க குடிசையெல்லாம் இந்தத் தோப்பு ஓரத்துலதான் இருந்துச்சு. மிராசுதாரு பிரிச்சுப் போட்டுட்டாரு. சட்டிபானை, அம்மி, கொழவி எல்லாத்தையும் வாய்க்கால்ல எறிஞ்சுட்டாங்கன்னுதான் சொல்வாங்க." ஒரு தெருவின் அடுப்படி முழுக்க அந்தச் சுவருக்குள் கிடந்தது. அதன் பாசியைப் பார்த்துத்தான் நான் பல்லைக் காட்டியிருக்கிறேன்.

கடப்பாரைச் சத்தம் தெரு வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் சின்னையன் வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. தோப்புக்குள் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், பாதையில் நின்றபடியே புரட்டிப் போட்ட கற்களைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"நாந்தாம்மா கட்டுனேன்" என்றார்.

வாழ்க்கையில் எத்தனையோ தடவை ஆடிப்போயிருக்கிறேன். இந்த இரண்டு சொல்லுக்கு ஆடிப்போன மாதிரி எதற்கும் இல்லை.

அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "ஆட்சி மாறி வந்த காலம். குடிசை இருக்குற மனை குடியிருக்குறவனுக்கேன்னு சட்டம் வரப்போவுதுன்னு ஒரே பேச்சு. கூலித் தகராறு வேற. போலீசு வருதுன்னு தெருவே காலி பண்ணிக்கிட்டு ஒறமொற ஊருக்கு ஓடிருச்சு. என்னய மட்டும் ஆண்டை வெளிய விடல, களத்துலயே வச்சுக்கிட்டாரு. குடிசையப் பிரிச்சாங்க. செவுரு மண்ணோட மண்ணாயிரும், கீத்து எரிஞ்சுரும். இந்தக் கல்லுதான் பாக்கி. இங்கன அடுப்படி இருந்துச்சு, ஆளு இருந்துச்சுன்னு சொல்ல வேற சாட்சி ஏது? சல்லியா ஒடைச்சு சுவத்துக்குள்ள போடுன்னாரு."

"நீ ஒடைக்கலியே?"

"கை வரலம்மா. குறுக்குக்கல்லு இல்லன்னா சுவரு நிக்காதுன்னு சொல்லி முழுசா வச்சேன். மொகம் மேல இருந்தா யாராச்சும் வந்து பாத்துக் கண்டுபுடிச்சுருவாங்க. என்னாலயே பாக்க முடியல. கவுத்துட்டேன். அடியில கெடக்கு பாரு, நம்ம வீட்டு அம்மி. மொத கல்லு அதான்."

"அப்பறமாவது சொல்லியிருக்கலாமேப்பா. இத்தன வருஷம்..."

"கட்டுனது யாருன்னு கேப்பாங்களே" என்றார்.

மலர்விழி சுவரை அப்படியே மூடிவிடலாம் என்று சொல்வாள் என நினைத்தேன். அவளுக்கும் ஒரு நிமிடம் அந்த ஆசை வந்திருக்கும், முகத்தில் தெரிந்தது. இந்த வயதில் அவரைத் தெருவில் தலைகுனிய வைக்க எந்த மகளுக்கு மனசு வரும்? ஆனால் அவர் அவளைக் கேட்கவில்லை. அந்தோணியைப் பார்த்து, "தம்பி, இதையெல்லாம் வண்டில ஏத்துங்க. தெருவுக்குப் போவோம்" என்றார்.

தோப்பிலிருந்து அவர்களுடைய தெற்குத் தெரு அரை கிலோமீட்டர்கூட இருக்காது. வண்டிக்கு முன்னால் அவர் நடந்தார், பின்னால் நாங்கள். கோயில் திடலில் கற்களை இறக்கி, இந்தத் தடவை முகம் மேலே தெரிகிற மாதிரி அவரே வரிசையாகப் போடச் சொன்னார். ஜனம் கூடியது. அவர் திடலின் நடுவில் நின்று, எங்களிடம் சொன்னதையே அவர்களிடமும் சொன்னார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, ஆனாலும் ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை.

ஒரு ஆள் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். சில இளைஞர்களுக்கு எதற்கு இவ்வளவு பெரிய விஷயம் என்றே புரியவில்லை. பாக்கியம் என்ற அம்மா மட்டும், சின்னையன் வயதுதான் இருக்கும், கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து மூலை உடைந்த ஓர் அம்மியின் முன்னால் நின்றார். குனிந்து அந்த உடைந்த மூலையைத் தடவினார்.

"எங்கம்மாது" என்றார். பிறகு நிமிர்ந்தார். "வாய்க்கா வத்துறப்பெல்லாம் எறங்கித் தேடுனோமே சின்னையா. நீயும் எங்ககூட எறங்கித் தேடுனியே!"

சுவரைக் கட்டியதைவிட இதுதான் பயங்கரம் என்று எனக்குப் பட்டது, இப்போதும் அப்படித்தான் படுகிறது. கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்த மனிதர், முழங்கால் சேற்றில் நின்று அவர்களோடு சேர்ந்து அதைத் தேடியிருக்கிறார்.

"ஆமா, எறங்குனேன்" என்றார் சின்னையன்.

பாக்கியம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "எடுத்துக்கிட்டுப் போன கைதானே" என்றார் கடைசியில். "கொண்டாந்து வையி. என் அடுப்படியில கொண்டாந்து வையி."

அந்தோணி தூக்குவதற்கு ஓடினார். அந்தம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஒரு முனையைச் சின்னையன் பிடித்தார், மறுமுனையை அவரே பிடித்தார். இரண்டு பேருமாக நாலு தடவை கீழே வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கி வீடு வரைக்கும் கொண்டுபோனார்கள். யாரும் உதவிக்குப் போகவில்லை. பொழுது சாய்வதற்குள் முக்கால்வாசிக் கற்கள் போய்விட்டன. சிலது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. சிலர் தங்கள் வீட்டுடையது என்று தெரிந்தும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். சின்னையன் தோப்புக்கு வரவில்லை, தன் பழைய வீட்டுக்குப் போய்விட்டார். விழாவுக்காவது வருவாரா என்று கேட்க மலர்விழிக்கும் எனக்கும் தைரியம் இல்லை.

இது சுவர் கட்டுவது பற்றிய பக்கம் என்பதால், போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மாசியிலிருந்து சித்திரை வரைதான் சரியான காலம், மண் இறுகி அடித்தளம் அசையாது. பூதலூரில் இறங்கிக் கல் பார்த்துவிட்டு வண்டி பேசுங்கள், ஒரத்தநாட்டில் போய்க் கல் தேடாதீர்கள். வெயில் கொளுத்தும், பதினொரு மணிக்கு மேல் தொப்பி இல்லாமல் நிற்காதீர்கள். திரும்புவதற்கு ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சாவூருக்கு அடிக்கடி பேருந்து உண்டு, முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும்.

அந்தப் பேருந்தில்தான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. என் தோட்டத்து நடைபாதைக்காகப் பழைய அம்மிக்கல் கொஞ்சம் ஒரு கடையில் சொல்லி வைத்திருந்தேன். அலங்காரத்துக்கு இப்போது எல்லோரும் வாங்குகிறார்கள், நன்றாகவும் இருக்கும். கடைக்காரருக்குப் போன் போட்டு இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "அதெல்லாம் யாரு மேடம் கேக்குறா?" என்று சிரித்தார். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் வாங்கப் போனால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

விழா முடிந்த அன்று மதியம் மலர்விழி போனில் அழுதுகொண்டே பேசினாள். "அப்பா வந்துட்டாருடி. நம்ம வீட்டு அம்மிய அவரே கழுவி அடுப்படியில போட்டாரு. ஆனா கேட்டு வழியா வரல. சுவத்தப் பிரிச்சோம்ல, அந்தச் சந்து வழியாத்தான் உள்ள வந்தாரு." அந்த இடத்தை இனி அடைக்க வேண்டாம் என்று அந்தோணியிடம் சொல்லிவிட்டாளாம்.