அப்பாவுக்குக் கேட்ட புள்ளிப்புலி

என் அப்பாவைப் புள்ளிப்புலிக்கு இரையாகக் கொடுத்தது நான்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், அப்போது எனக்கு எட்டு வயது.

அமெரிக்காவுக்கென்று எங்கள் ஊர் நாரந்தனையிலிருந்து வெளிக்கிட்ட அப்பாவை, களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் மெக்சிக்கோவின் வட எல்லையில் ஒரு மாட்டுப்பண்ணையில் கொண்டுபோய் வைத்திருந்தான். நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் நேரம் பார்த்து அப்பா போன் எடுப்பார். அவருக்கு அது முதல்நாள் பொழுதுபடும் நேரம். எப்போது எல்லை கடப்பது என்று அம்மா கேட்பா. நான் புலியைப் பற்றிக் கேட்பேன்.

பண்ணைச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்ததாம். மலையில் மரத்தோடு கட்டிவைத்த கமராவில் விழுந்த ஜகுவார். எனக்கு அது புள்ளிப்புலி.

"எங்கட சிறுத்தை மாதிரித்தான் பிள்ளை. ஆனா புள்ளிக்குள்ளையும் புள்ளி இருக்கும். இந்தப் பக்கம்தான் அதின்ரை கடைசி இடமாம். இதுக்கும் வடக்கை ஆண் மட்டும் தனிய மலையேறிப் போகுமாம். பெட்டை தெற்கிலையே நிண்டிடுமாம்."

அதை அப்படியே குசினிக்குள் போய் ஒப்புவித்தேன். அம்மா புட்டை இறக்க மறந்து நின்றா.

"கண்டறியாத புலி! பஸ் போகப்போகுது, ஓடு!" என்றா பிறகு.

ஒருநாள் அப்பா, "நாளைக்கு நடக்கத் தொடங்கிறம்" என்றார். அன்றைக்கே அம்மா பள்ளிக்கூடம் போகவிடாமல் மறித்து, குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏற்றி என்னை நயினாதீவு அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனா. சந்நிதியில் விம்மிக்கொண்டே, அப்பாவுக்காகக் கேள் என்றா. நானும் மனதாரக் கேட்டேன். அம்மாளாச்சி, அப்பாவுக்குப் புள்ளிப்புலியைக் கிட்டக் காட்டு.

அதன்பிறகு போன் வரவேயில்லை. ஏஜென்சிக்காரனின் நம்பரும் வேலை செய்யாமற் போனது. சில மாதம் கழித்து, கூட நடந்த ஒருவர் அம்மாவோடு கதைத்தாராம். தண்ணீர் முடிந்து, நடக்க ஏலாமல் அப்பா ஒரு மரத்தடியில் இருந்துவிட்டார். மற்றவர்கள் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இது எனக்குத் தெரியவந்தது வளர்ந்த பிறகுதான். அன்றைக்கு நான் கண்டது, அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையிலேயே இருந்ததை மட்டும்.

கிட்ட வந்த புலி அப்பாவைப் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். கோயிலில் கேட்டதை அழுதழுது சொன்னேன். அடி விழும் என்று காத்திருந்தேன்.

"கிட்டவே காட்டச் சொல்லிக் கேட்டனி?"

"ஓம்."

அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டா.

"நல்லது பிள்ளை. அப்ப அவர் தனிய இருந்திருக்கமாட்டார்."

புலி பிடித்ததற்குப் போய் யாராவது நல்லது என்பார்களா? எனக்கு அம்மாவின்மேல் கோபம் கோபமாக வந்தது.