வாலா வைக்கும் பொறுப்பு

உலகத் தமிழர்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. வர்ற ஞாயிற்றுக்கிழமை எங்க பத்தாம் வகுப்பு செட்டு மறுபடி கூடுகிற விழாவில், பத்தாயிரம் வாலாவைப் பற்றவைக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது.

ஒப்படைத்தது யாரென்று கேட்கக் கூடாது. வாட்ஸ்அப் குரூப்பில் நானே அறிவித்து, நானே கைதட்டிக்கொண்டேன்.

இன்றைக்கு வெம்பக்கோட்டை பஸ்ஸில் முன் சீட்டில் மாரீஸ்வரி. பத்தாவதில் எங்க கிளாஸ் லீடர். இப்போது தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் வேலை. பார்த்து மூணு வருசமாச்சு.

"ஏலே, வெடிக்கு நீதான் பொறுப்பாமே. பயமில்லையா?"

"எனக்கா? எங்கப்பா பட்டாசுக் கம்பெனி போர்மேன். நான் தொட்டில்லயே திரி கிள்ளுனவன்."

"அப்ப இதப் பாரு. இந்த சீசனுக்குப் புது ஐட்டம்" என்று போனை நீட்டினாள்.

வீடியோவில் ஓர் அண்ணன் குனிந்து, ஊதுபத்தியைத் திரியில் வைத்தார். திரி சீறியது.

நான் கண்ணைத் திறந்தபோது மாரீஸ்வரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் ஆள்காட்டி விரல் ரெண்டும் காதுக்குள் இருந்தன.

"ஏலே, நான் சவுண்டே வைக்கலையே."

பின் சீட்டு அண்ணாச்சி சிரித்ததுதான் பஸ்ஸில் கேட்ட ஒரே வெடிச் சத்தம்.

நான் இறங்குவதற்குள் குரூப்பில் போட்டுவிட்டாள். ஆகவே திருத்தப்பட்ட அறிவிப்பு: வாலாவை மாரீஸ்வரி பற்றவைப்பாள். நான் பந்தியில் இலை போடுவேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை நான் கொளுத்தியதிலேயே பெரிய வெடி பாம்பு மாத்திரைதான். அதுவும் எங்கப்பா கையைப் பிடித்துக்கொண்டு.

பந்தி நடக்கிற இடம் வாலாவிலிருந்து எம்புட்டுத் தூரம்னு யாராவது சொல்லுங்கப்பா.