அண்ணனுக்குச் சுடாத தீ

பக்கத்துக் கோயிலில் தீ மூட்டிவிட்டார்கள். விறகு கனலும் மணம், நான் குடியிருக்கும் கல்லடியின் கடற்காற்றையும் மீறி ஜன்னலால் வருகிறது. கூடவே வேப்பிலை, மஞ்சள் தண்ணீர். ஊருக்கு அது அம்மன் சடங்கின் மணம். எனக்கு அண்ணனின் வலது கால்.

அண்ணனுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து வெகுகாலம். பிடித்தால் விடாத மனிதர். வெள்ளம் பயிரை அள்ளிக்கொண்டு போன வருடங்களில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் பலர் காணியைத் தரிசாக விட்டார்கள். அவர் மறுபடி விதைத்தார். அந்தப் பிடிவாதத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. அதே பிடிவாதம்தான் மாத்திரைகளையும் பரணில் தூக்கிப் போட்டது. "வருத்தக்காரன் எண்டு நானே ஒத்துக்கிட்டா, வருத்தம் ஏறிக் குந்திரும்" என்பார். எது குணம், எது நோய்? பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை. ஒன்றை வெட்டினால் மற்றதும் வருமோ என்ற பயம்.

கால் மரத்துவிட்டது, வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்றார் கிளினிக் டொக்டர். அண்ணன் வீட்டிலிருந்து செருப்போடுதான் புறப்படுவார். வயல் வட்டையின் வரம்பு வந்ததும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்.

"வயல் என்ன கக்கூஸாடா, செருப்போட இறங்க?"

அண்ணனின் மனைவி, என் மச்சாள், தலையில் அடித்துக்கொள்வா. "காலுக்கு வாங்கின செருப்பு, கை போட்டுத் தேயுது."

போன மாதம் எங்கள் ஊர் அம்மன் கோயில் தீ மிதிப்பு. மகளின் பிரசவம் நல்லபடி நடக்க அண்ணன் நேர்ந்திருந்தார். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். மச்சாள் அழுதா. "அம்மாளுக்குச் சொன்ன வாய் இது" என்று கையை உதறிவிட்டு இறங்கினார். மற்றவர்கள் பாய்ந்து ஓடிய தணலில் அவர் வரம்பில் நடப்பதுபோல நடந்தார். கரையேறிய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"தம்பி, ஒரு பொட்டுச் சூடும் தெரியல்லடா! அம்மாள் குளிர வச்சிற்றா."

சனம் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டது.

"அண்ணன், அது அம்மாள் இல்ல. நரம்பு செத்துப் போச்சு."

சிரித்தார். "படிச்சதுகளுக்கு எல்லாம் செத்ததாத்தான் தெரியும்."

கொப்புளத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு மறுபடி சேற்றில் இறங்கினார். வலிக்காத காயத்தை யார் காயம் என்பார்கள்? நாற்றம் வந்த பிறகுதான் மச்சாள் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தா.

இன்று பின்னேரம் வார்டில் டொக்டர் சொன்னார்: முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், தாமதித்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை. ஒப்பம் வைக்க அண்ணன் சம்மதிக்கவில்லை. மகளின் குழந்தையைக் காட்டினோம். கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினார். மச்சாள் காலடியில் குந்திக் கும்பிட்டா.

"எழும்பு கா. அம்மாள் குளிர வச்ச கால். அத வெட்டக் குடுத்திற்று எந்த முகத்தோட அவ வாசலுக்குப் போற?"

பார்வையாளர் நேரம் முடிந்தது என்று தாதி விரட்டினா. நான் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி நின்றேன்.

"நாளைக்கு வாறன், அண்ணன். அதுக்குள்ள ஒருக்கா யோசிங்க."

"ஓம் ஓம், வா. வாசல்ல கழட்டின செருப்ப மறந்திராத மனே, வெளிய தார் றோட்டு சுடும்."